எப்படித் திருப்பினாலும் தொண்ணூற்றாறு

மிலுஷா ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தாள். சமையலறை மேஜையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பளிங்குத் துண்டு விழுந்தது. அதில் இரண்டு எண்கள் செதுக்கப்பட்டிருந்தன. குழிக்குள் தங்கப் பூச்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"தொண்ணூத்தாறு" என்றார் மலா மேடம்.

"தலைகீழா வெச்சிருக்கீங்க மேடம். இப்படிக் கொடுங்க." வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். 96. திரும்பவும் திருப்பினேன். அப்போதும் 96.

"ஆச்சா விலெம்? வேணும்னா பம்பரம் மாதிரி சுத்தி விட்டுப் பாரு."

ஹெர்மினா மலா என் முதலாளி. மலா என்றால் எங்கள் மொழியில் குட்டி என்று பொருள். ஆனால் ஆள் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். தனியார் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டி நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன் நான் டிராம் ஓட்டினேன். தண்டவாளத்தை விட்டு இறங்கியதிலிருந்து இந்த அம்மாள் போகும் வழியெல்லாம் என் வழி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, அக்டோபர் கடைசி வாரம். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. இசேரா மலை முழுக்க மூடுபனி. வீட்டு வாசல்களில் கல்லறைக்குப் போக வேண்டிய செவ்வந்திப் பூக்கள் வரிசையில் காத்திருந்தன. எனக்கு அந்தப் பூவின் வாசனையே ஆகாது.

மிலுஷாவின் அண்ணன் ரதிம் காணாமல் போய் எட்டு மாதம். மார்ச் மாதத் தொடக்கத்தில், உறைந்த அணைக்கட்டு நீரில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனான். ஓட்டையும் துளைக்கும் கருவியும் தொப்பியும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. போலீஸ் முங்கிப் பார்த்துக் கோப்பை மூடிவிட்டது. மிலுஷா மட்டும் மூடவில்லை. அண்ணன் தொட்டியில் வளர்த்த, நீலக் கோடு மின்னும் குட்டி நியான் மீன்களுக்கு இன்றுவரை வேளை தவறாமல் இரை போடுகிறாள். அவன் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம்.

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

"ஹினெக் கொடுத்தார் அக்கா. கல்லறைக் கல் செதுக்குறாரே, அவர். அவரும் மீன் வளர்க்கிறவர்தான். எங்க அண்ணனுக்கு உயிர் சிநேகிதர்." மிலுஷா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "எங்க ஊத்துத் தண்ணி மழைத் தண்ணி மாதிரி. பாறையில இருந்து வருது, ஒரு சத்தும் கிடையாது. நியான் முட்டை பொரிக்க அப்படித்தான் வேணும். ஆனா குஞ்சு நீந்த ஆரம்பிச்சா எலும்பு கட்டணும் இல்லையா? சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கணும். எனக்கு அது தெரியலை. போன தடவை பாதிக் குஞ்சுக்கு முதுகு வளைஞ்சு போச்சு. செவுள் மூடி அரைகுறையா நின்னுடுச்சு. உள்ளே சிவப்பாத் தெரியுது, பார்க்கவே சகிக்கலை."

"உடனே ஹினெக் கிட்ட ஓடினீங்க."

"ஆமா. அவர் தன்னோட தொட்டியில இருந்தே கை நிறைய பளிங்குத் துண்டு அள்ளிக் கொடுத்தார். புதுக் கல்லைப் போட்டா தண்ணி திடுதிப்புன்னு மாறிடும், குஞ்சு தாங்காது, ஊறின கல்லுதான் நிதானமா விடும்னு சொன்னார். எல்லாம் ஒரே பாசி. இது ஒண்ணு ரொம்ப அழுக்கா இருந்துச்சு. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். எண் தெரிஞ்சுது."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமில்லாதவன். "கல்லறைக்காரர் கிட்ட எண் போட்ட கல்லு இருக்கிறது ஒரு அதிசயமா மேடம்? கசாப்புக் கடையில எலும்பு கிடந்தா கொலைன்னு சொல்லுவீங்களா?"

"எலும்புல மோதிரம் இருந்தா சொல்லுவேன்." அவர் மிலுஷாவைப் பார்த்தார். "உங்க குடும்பக் கல்லுல ரதிம் பேர் இருக்கா?"

"இருக்கு. என் பேரும் இருக்கு."

அதில் வியப்பில்லை. எங்கள் பக்கம் குடும்பக் கல் வைக்கும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அப்புறம் காலி இடம். எங்கள் ஊரில் என் பெயரும் அப்படி ஒரு கல்லில் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் கொஞ்சம் வேகமாக நடப்பேன்.

"அந்தக் காலி இடத்துல வருஷம் வெட்டச் சொன்னீங்களா?"

"நானா? மாட்டேன்!" மிலுஷாவின் குரல் உயர்ந்தது. "ஹினெக்தான் போன மாசத்திலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கார். திருநாளுக்குள்ள வெட்டிடலாம், ஊர் நாலு விதமாப் பேசும்னு. முடியவே முடியாதுன்னுட்டேன். வருஷம் வெட்டாத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கான் அக்கா. அது போதும் எனக்கு. நீங்க ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இருக்கானா, இல்லையா?"

மேடம் பளிங்குத் துண்டின் உடைந்த விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

*

ஹினெக்கின் பட்டறைக்குப் போகும் வழியில் மதுக்கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். எனக்கு நாக்கு ஊறியது. அவரோ உள்ளே போய் டெலிபோனில் பேசிவிட்டு வந்தார்.

"யாருக்கு மேடம்?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"கல்லுல ரெண்டு எண் இருக்கு, ஓடி வாங்கன்னா?"

"ஹினெக் வாய் சும்மா இருக்காதுன்னு. நுணலும் தன் வாயால் கெடும், கேள்விப்பட்டதில்லை?"

காரின் பின் இருக்கையில் இருந்த மிலுஷாவுக்கு எதுவும் புரியவில்லை. பட்டறை வந்ததும் அவளைக் காரிலேயே இருக்கச் சொன்னார் மேடம்.

ஹினெக்கின் முற்றத்தில் கற்கள் பனிக்குள் வரிசையாக நின்றன. பாதிக் கல்லில் பெயர் இருந்தது. பட்டறைக்குள், கூரை உத்தரத்திலிருந்து சங்கிலியில் ஒரு பெரிய கருங்கல் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல அசைந்தது. காற்று ஏதும் இல்லை. நான் சுற்றிக்கொண்டு போனேன். மேடம் அதன் அடியிலேயே நடந்து போனார்.

ஹினெக் நல்ல மனிதர். முன்பு ரதிமைப் பற்றி விசாரிக்க வந்த முதல் சந்திப்பிலேயே நான் அப்படித்தான் தீர்ப்பெழுதியிருந்தேன். புருவம் முழுக்கப் பளிங்குத் தூள், ரொட்டி அளவு உள்ளங்கை, வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்க மேடம், வாங்க தம்பி! குளிருக்கு ஒரு வாய் பிளம் சாராயம்?"

"எனக்கு வேண்டாம், இவனுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க" என்றார் மேடம். "மிலுஷா விஷயமாத்தான் வந்தேன். பாவம், அழுதுக்கிட்டு இருக்காங்க. நீங்க கொடுத்த கல்லு சரியில்லையாம்."

சிரிப்பு நின்றது. "யார் சொன்னது?"

"மீன் சங்கத்துல பேசிக்கிறாங்க. ஊறின கல்லுன்னு சொல்லி, போன வாரம் உடைச்ச கழிவுக் கல்லைத் தலையில கட்டிட்டாராம்."

உயிர் போனாலும் பொறுப்பார்கள், தொட்டியைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டார்கள், எங்கள் மலை மீன்காரர்கள். ஹினெக் எங்களைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கொதிகலன் சூட்டில் அறை வெதுவெதுப்பாக இருந்தது. சுவர் நெடுகத் தொட்டிகள். காப்பி நிறத் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் நீலக் கோடுகள் மின்னின. மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடியில் முட்டை வைக்கப் பிரித்த பெரிய ஜோடி ஒன்று தனியாக நின்றது.

"பாருங்க! நல்லாப் பாருங்க!" அவர் மூலைத் தொட்டியைத் தட்டினார். "ஒரு குஞ்சுக்காவது செவுள் கோணலா இருக்கா? முதுகு வளைஞ்சிருக்கா? போன வாரக் கல்லாம்! மாறுவேடத் திருநாள் அன்னிக்குப் போட்ட கல்லு மேடம் இது. பிப்ரவரி மாசம். கரடி வேஷம் போட்டவன் சன்னலைத் தட்டிக்கிட்டே இருந்தான், நான் கதவைத் திறக்காம இங்கே கல்லைக் கழுவிக்கிட்டு இருந்தேன். அன்னையிலிருந்து இந்தத் தொட்டியில ஒரு புதுக் கல்லு விழுந்ததில்லை. இதிலிருந்து அள்ளித்தான் மிலுஷாவுக்குக் கொடுத்தேன். என் கையால!"

"பிப்ரவரி. நிச்சயமா?"

"சத்தியம் பண்ணட்டுமா?"

"பண்ணிட்டீங்களே" என்றார் மேடம். "விலெம், சட்டைக் கையை மடக்கு."

நான் மடக்கினேன். அடியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மீன்கள் சிதறின. ஹினெக் "ஏய், ஏய், கையை எடுடா!" என்று பாய்வதற்குள், பெரிய துண்டு ஒன்றை வெளியே எடுத்துவிட்டேன். குப்புறக் கிடந்த துண்டு. கீழ்ப்பக்கம் பாசி அப்பியிருந்தது. என் கால்சட்டையிலேயே துடைத்தேன். இந்த மாதத்தில் பாழான இரண்டாவது கால்சட்டை.

முதலில் தெரிந்தது ரதிம் என்ற பெயர். அதன் அடியில் 1951, ஒரு கோடு, அப்புறம் 19. அதோடு கல் உடைந்திருந்தது.

மேடம் பையிலிருந்து அந்தத் தீப்பெட்டி அளவுத் துண்டை எடுத்து உடைந்த இடத்தில் பொருத்தினார். சட்டியும் மூடியும் போலப் பொருந்தியது.

1951 – 1996.



"அது வந்து..." ஹினெக் உதட்டை நனைத்துக்கொண்டார். "மிலுஷா சரின்னு சொல்லிடுவாங்கன்னு நினைச்சு முன்கூட்டியே வெட்டினேன். இந்த மாசம்தான். அவங்க முடியாதுன்னதும் உடைச்சுப் போட்டேன். கல்லு விக்கிற விலைக்கு வீணாக்க முடியுமா?"

"இப்பத்தான் பிப்ரவரின்னு சத்தியம் பண்ணினீங்க."

"ஞாபகப் பிசகு. வயசாகுது."

"உங்களுக்கு இருக்கலாம். தண்ணிக்கு ஞாபகப் பிசகு கிடையாது." மேடம் பட்டறைக் கற்குவியலிலிருந்து புதிதாகச் செதுக்கிய ஒரு துண்டை எடுத்துவந்திருந்தார். எப்போது எடுத்தார் என்று எனக்கே தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதுக் கல்லின் எழுத்து விரலை வெட்டும். ரதிமின் பெயரோ பாதி கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. "இந்தப் பசித்த தண்ணி பளிங்கைத் தின்னுதான் குஞ்சுக்கு எலும்பு கொடுக்குது. இவ்வளவு தின்ன அதுக்கு ஒரு மாசமா ஆகும்? நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம் ஹினெக். பிப்ரவரி. ரதிம் காணாமப் போனது மார்ச். உயிரோட சுத்திக்கிட்டு இருந்தவனுக்கு எப்படி இறந்த வருஷம் வெட்டினீங்க?"

ஹினெக் புருவத்துத் தூளைத் துடைத்தார்.

"நான் சொல்லட்டுமா? ஜனவரியில அண்ணனும் தங்கச்சியும் வந்து, அப்பா அம்மாவுக்குப் புதுக் கல்லு வேணும்னாங்க. ரதிம் பேர், பிறந்த வருஷம், கோடு, காலி இடம். அதோட நிறுத்தியிருக்கணும். ஆனா அவனை என்ன செய்யப் போறோம்னு மனசுல முடிவு பண்ணியாச்சு. மனசு மறைச்சதைக் கை மறைக்கலை. உளி அதுபாட்டுக்கு வருஷத்தையும் முடிச்சிடுச்சு. தங்கம் பூசினப்பதான் பார்த்தீங்க, பதறினீங்க, உடைச்சுத் தொட்டியில போட்டீங்க. வேற கல்லு செதுக்கினீங்க."

அந்தக் கல் தொட்டிக்குள் போன அன்று ரதிம் இதே ஊரில் முகமூடிக் கூட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்திருப்பான். ஒருவேளை கரடி வேஷமே அவனாக இருக்கலாம்.

"எதுக்காக?" என்றேன். "உயிர் சிநேகிதனாச்சே?"

"பீருக்கு விக்கப் போறேன்னான்!" ஹினெக் வெடித்தார். "ஊத்து அவன் நிலத்துல இருக்கு. முப்பது வருஷமா அதிலிருந்துதான் எனக்குக் குழாய் வருது. இந்தத் தண்ணி வேற எங்கேயும் கிடையாது. எவனோ மதுபானக் கம்பெனிக்காரன் கேட்டானாம், வசந்தத்துல குழாயை வெட்டிடுவேன்னு என் முகத்துக்கு நேராச் சொன்னான். பீருக்கு! என் மீனெல்லாம் சாகட்டும்னு!"

மீனா பீரா என்று கேட்டால் இந்த நாட்டில் எந்த நீதிபதியும் பீர் பக்கம்தான். சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அவர் பின்னால் நகர்ந்து பட்டறைக்குள் போனார். மேடம் பின்தொடர்ந்தார். மேடம் கருங்கல் பலகைக்கு நேர் கீழே வரும்போது ஹினெக்கின் கை சங்கிலிக் கொக்கியில் இருந்தது.

"அங்கேயே நில்லுங்க மேடம்" என்றார். குரல் சாதுவாக இருந்தது. அதுதான் பயங்கரம். "ஒரு அடி எடுத்து வெச்சாலும் விட்டுடுவேன். பட்டறையில விபத்து சகஜம்."

எனக்கு வீரம் கிடையாது. ஆனால் கை பரபரவென்று இருக்கும். பின்னறை மேஜையில் இருந்த கண்ணாடி ஜாடி எப்படியோ என் கையில் இருந்தது.

"ஹினெக் ஐயா, இது உங்க தாய் ஜோடிதானே?" ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கினேன். கீழே கல் தரை. "என் கை வேற ஈரமா இருக்கு. டிராம்ல ஒரு தடவை பிரேக்கையே நழுவ விட்டவன் நான்."

"டேய்! வேண்டாம்டா!"

அந்த ஆளின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ரதிமின் பெயரைப் பார்த்தபோது வராத நடுக்கம் இப்போது வந்தது. கொக்கியிலிருந்து கை தானாக விலகியது. ஜாடியை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மேடம் நிதானமாகப் பலகைக்கு அடியிலிருந்து விலகி நின்றார். வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி" என்றார் மேடம். "மண்ணு இளகின பிறகு, மே மாசம்தான் கல்லு நடுவீங்க. எந்தக் கல்லறைக்காரரும் அப்படித்தான். கல்லறைப் பதிவேட்டைப் பார்த்தேன். ரதிம் குடும்பக் கல்லை மட்டும் அவன் காணாமப் போன அதே வாரம், இரும்பு மாதிரி உறைஞ்ச மண்ணைத் தோண்டி நட்டீங்க. காசுகூட வாங்கலை. எதுக்கு அவ்வளவு அவசரம்?"

ஹினெக் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"நெருப்பு மூட்டி மண்ணை இளக்கினார் அக்கா."

திரும்பினோம். கான்ஸ்டபிள்களுக்கு முன்னால், வாசலில், கல்லறைக்கென்று காரில் கொண்டுவந்திருந்த செவ்வந்திக் கொத்தோடு மிலுஷா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நான் பார்த்தேன்" என்றாள். "சிநேகிதனோட தங்கச்சிக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இந்தக் குளிர்ல கஷ்டப்படுறாரேன்னு, முட்டைக்கோசு சூப் காய்ச்சிக் கொண்டு போனேன். குழி பக்கத்துல நின்னு குடிச்சீங்க ஹினெக். நல்லா இருக்கு மிலுஷான்னு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடிச்சீங்க."

மிலுஷா பூங்கொத்தை மறு கைக்கு மாற்றினாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தக் கல்லு முன்னாலதான் மெழுகுவர்த்தி ஏத்தறேன். அப்பா, அண்ணன் எங்கே இருக்கான்னு காட்டுங்கன்னு." அவள் மேடத்தைப் பார்த்தாள். அந்தக் கல்லுக்கு அடியில்தானா என்று கேட்கவில்லை. மேடமும் தலையை அசைக்க வேண்டியிருக்கவில்லை.

கான்ஸ்டபிள் ஜாடியை வாங்கி வைத்துவிட்டு ஹினெக்குக்கு விலங்கு மாட்டினார். வாசல் வரை போன மனிதர் நின்றார்.

"மிலுஷா, கொதிகலன் பக்கத்துத் தொட்டியில பத்து நாள் குஞ்சு இருக்கு" என்றார் தரையைப் பார்த்தபடி. "அதுக்கு இன்னும் சுண்ணாம்புச் சத்து போடலை. அப்படியே விட்டா எல்லாம் கோணலாயிடும்."

ஒரு அறை விட்டிருப்பேன். மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மிலுஷா பூவைக் கீழே வைத்தாள். பின்னறைக்குப் போய், மேஜையில் பொருந்தியபடி கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தாள். பெரிய துண்டை மட்டும் எடுத்து, அண்ணன் பெயரைச் சால்வை முனையால் சுத்தமாகத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டாள். 96 அங்கேயே கிடந்தது.

"குஞ்சுங்க என்ன பாவம் பண்ணுச்சு, நான் பார்த்துக்கறேன்" என்றாள். "முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுவேன். கல்லுல இருக்கிற அந்தக் காலி இடத்துக்கு வேற ஊர்லேர்ந்து ஆள் கூட்டிக்கிட்டு வரேன். என் அண்ணன் பேர்ல இனிமே உங்க உளி படக் கூடாது."